பழனியம்மாளின் தொண்ணூற்றாறு

1. இன்டர்காமில் வந்த கேள்வி

“சாந்தி மேடம், உங்க மெஷின் சரியா இருக்கா?”

லேபில் இருப்பவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், எப்படிப்பட்ட சாதுவுக்கும் சுருக்கென்று வரும். நான் சாதுவும் இல்லை. ராசிபுரத்தில் ஐம்பது படுக்கை கொண்ட ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேபில் இருபத்தேழு வருடமாக இருக்கிறேன். கையால் டியூபைக் குலுக்கி நிறம் பார்த்த காலத்திலிருந்து, ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே தள்ளினால் தானே உறிஞ்சிக்கொள்ளும் மெஷின் வந்தது வரை எல்லாம் பார்த்தாயிற்று. கேட்டவர் எங்கள் ஆஸ்பத்திரியின் பொது மருத்துவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர், வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

“ஏன் சார், என்னாச்சு?” என்றேன். பழனியம்மாள் என்ற பேஷண்ட்டுக்கு என்.டி. ப்ரோ பி.என்.பி. தொண்ணூற்றாறு என்று கொடுத்திருக்கிறீர்கள், ஆளைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை, ரிப்பீட் போட முடியுமா என்று கேட்டார்.

இந்த டெஸ்ட் என்னவென்று படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லிவிடுகிறேன். இருதயம் ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறும்போது அதன் சுவர் இழுபடுகிறது. அப்படி இழுபடுகிற தசையே ஒரு பொருளை ரத்தத்தில் விடுகிறது. அதைத்தான் அளக்கிறோம். சிரமம் கூடினால் எண் கூடும், மருந்து வேலை செய்தால் எண் இறங்கும். மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் வந்தால் அது நெஞ்சிலா நுரையீரலிலா என்று பிரித்துப் பார்க்க இது உதவும். ஓ.பி.யில் வருகிறவருக்கு நூற்றிருபத்தைந்துக்குக் கீழே இருந்தால் இருதயம் பலவீனம் இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். இந்த டெஸ்ட்டின் பலம் ‘ஆமாம்’ என்று சொல்வதைவிட ‘இல்லை’ என்று சொல்வதில் இருக்கிறது. வயது, கிட்னி என்று எண்ணை ஏற்றிவிடும் காரணங்கள் பல உண்டு. குறைத்துக் காட்டும் காரணங்கள் கொஞ்சம்தான். அதனால்தான் குறைவாக வந்தால் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறோம்.

அதே சாம்பிளை மறுபடி மெஷினில் வைத்தேன். பதினெட்டு நிமிடம். தொண்ணூற்று நான்கு வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இன்டர்காமை எடுத்து, “சார், கண்ட்ரோல் ரெண்டு லெவலும் உள்ளதான் இருக்கு. காலிப்ரேஷன் இந்த வாரம்தான் போட்டோம். ரிப்பீட்டும் தொண்ணூத்தி நாலு. மெஷின்ல ஒண்ணுமில்லை. வேணும்னா பேஷண்ட்டை இன்னொரு தடவை பாருங்க” என்றேன்.

கடைசி வாக்கியம் தேவையே இல்லை. மூன்று வருடமாக அவர் ரிப்போர்ட்களைக் கேள்வி கேட்கிற தோரணை எனக்குப் பிடிக்காமல் இருந்தது. அதற்குச் சேர்த்துக் கொடுத்தேன்.  அவர் “சரிங்க மேடம்” என்று வைத்துவிட்டார்.

கண்ட்ரோல் என்பது கம்பெனி அனுப்பும் சாம்பிள். அதில் எவ்வளவு இருக்கிறது என்று முன்பே தெரியும். தினமும் காலையில் அதை ஓட்டி, எண் சரியாக வந்தால்தான் பேஷண்ட் சாம்பிளைத் தொடுவோம். காலிப்ரேஷன் என்பது மெஷினின் அளவுக் கணக்கையே சரிபார்த்துப் பொருத்துவது. அன்று கண்ட்ரோல் சரியாகத்தான் இருந்தது. நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

2. கவுண்டரில் சொன்னது

அன்று மதியம் ரிப்போர்ட் வாங்க அந்தப் பழனியம்மாளும் அவர் வீட்டுக்காரரும் வந்தார்கள். மல்லசமுத்திரம் பக்கம் தோட்டத்தில் குடியிருப்பு. முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார்கள், தீவனமும் சொந்தமாக அரைத்துக் கலக்குகிறார்கள். அந்த அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கனத்த உடம்பு. நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் ஒல்லியான மனிதர், பெயர் செங்கோட்டையன். ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, இருதயத்துக்கு ஒண்ணுமில்லீங்களா?” என்று என்னைக் கேட்டார்.

டாக்டரைப் பாருங்க என்று சொல்வதுதான் எங்கள் வேலை. லேபில் உட்கார்ந்துகொண்டு ரிசல்ட்டுக்கு அர்த்தம் சொல்லக் கூடாது என்பது முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுக்கும் பாடம். நான் அன்று ஏற்கனவே ஜெயித்த மிதப்பில் இருந்தேன். “ஒண்ணுமில்லீங்க, இருதயம் நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார்.

டாக்டர் என்ன செய்வார்? பேஷண்ட் வருடக்கணக்கில் தீவன ஆலைத் தூசியில் நிற்கிறார். பி.பி.க்கு அவர் போடுகிற மாத்திரையாலேயே சிலருக்குக் கால் வீங்கும். ஈ.சி.ஜி.யில் பெரிதாகப் பிடித்துச் சொல்ல ஒன்றுமில்லை. எக்கோ எடுக்கிற இருதய டாக்டர் சேலத்திலிருந்து சனிக்கிழமை மட்டும்தான் வருவார். அங்கே கூட்டம் நெருக்கியடிக்கும், இருதயத்தில் சந்தேகம் இருப்பவர்களைத்தான் அனுப்புவார்கள். எங்கள் ரிப்போர்ட் சந்தேகமே இல்லை என்கிறது. லேப் இன்சார்ஜான நான் வேறு அடித்துச் சொல்கிறேன். தூசியால் வந்த மூச்சிரைப்பு என்று முடிவு செய்து, இழுக்கிற மருந்தும் ஒரு வாரத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். ஸ்டீராய்டு உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும். இருதயம் பலவீனமானவருக்குக் கொடுக்கத் தயங்குகிற மருந்து அது.

3. வெடிக்காத குதிகால்

பன்னிரண்டு நாள் கழித்து அவர்கள் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை அந்த அம்மா நடந்து வரவில்லை, வீல்சேரில் வந்தார். டாக்டர் பல டெஸ்ட்கள் எழுதியிருந்தார், அதில் தைராய்டும் இருந்தது, பி.என்.பி.யும் மறுபடி இருந்தது. தான் சந்தேகப்பட்டதை அவர் விடவில்லை. ரத்தம் நானே எடுக்கப் போனேன்.

படுக்கச் சொன்னேன். “படுத்தா மூச்சு நின்னு போயிருதுங்க அம்மிணி, உக்காந்தே குடுக்கறேன்” என்றார். குளிர்கிறது என்று ஒரு சால்வை போர்த்தியிருந்தார். வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ரத்தம் எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தச் சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது கால்கள் கண்ணில் பட்டன. முழங்கால் வரை வீக்கம். விரலால் அழுத்திப் பார்த்தேன், குழி விழுந்தது, மேலே எழும்பவே இல்லை. 

சாம்பிள் ஓடியது. பி.என்.பி. எண்பத்தெட்டு.

கூடவே தைராய்டு ரிசல்ட்டும் வந்தது. டி.எஸ்.எச். அடிமட்டத்தில், டி4 உச்சத்தில். அதாவது தைராய்டு தறிகெட்டு வேலை செய்கிறது என்று பொருள். அப்படிப்பட்டவர்கள் எடை குறைந்து, வேர்த்துக் கொட்டிக்கொண்டு, ஃபேன் காற்று போதவில்லை என்பார்கள். இந்த அம்மா சித்திரை மாதத்தில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறார். இரண்டு ரிசல்ட்டும் ஒரே மெஷினில் வந்தவை. இரண்டுமே ஆளோடு ஒட்டவில்லை. முதல் முறையாக எனக்கு மெஷின் மேல் சந்தேகம் வந்தது. கண்ட்ரோலைப் பார்த்தேன், அது எப்போதும்போல் சரியாக இருந்தது.

மறுபடி அந்த அம்மாவிடம் போனேன். என்ன கேட்பது என்று தெரியாமல்தான் போனேன். வேறு ஏதாவது மாத்திரை, நாட்டு மருந்து, சத்து டானிக் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். பி.பி. மாத்திரை தவிர ஒன்றுமில்லை என்றார். முதல் நாளும் அதையேதான் சொல்லியிருந்தார், ஃபாரத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தது. சும்மா நிற்க முடியாமல் மறுபடி காலை அழுத்திப் பார்த்தேன். அப்போதுதான் குதிகாலைக் கவனித்தேன். அறுபதை நெருங்கும் வயதில், நாள் முழுக்கப் பண்ணை மண்ணில் வெறுங்காலோடு நடக்கிறவருக்கு ஒரு வெடிப்புகூட இல்லை. என் குதிகாலை நான் யாருக்கும் காட்ட மாட்டேன். பொம்பளைக்குப் பொம்பளை கேட்கிற கேள்வியாகத்தான் கேட்டேன்.

“குதிகாலுக்கு என்னக்கா போடுறீங்க? இத்தனை நல்லா இருக்குது.”

அந்தத் திணறலிலும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. “போடறது ஒண்ணுமில்லீங்க அம்மிணி. கோழிக்குப் பாதம் வெடிச்சா தீவனத்துல ஒரு பொடி கலக்குவோம். ரெண்டு வாரத்துல ஆறிப்போயிரும். எனக்குந்தான் பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்துச்சு. கோழிக்கு ஆறுனா எனக்கு ஆறாதான்னு ஒரு கரண்டி மோர்ல கலக்கிக் குடிச்சேன். தை மாசத்துல இருந்து தெனமுங்க.”

“மருந்து ஏதாவது சாப்பிடறீங்களான்னு கேட்டமேக்கா?”

“அது மருந்தில்லீங்களே. தீவனச் சாமான்.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அது அவர்கள் வீட்டில் சோயாப் புண்ணாக்கு மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற பொருள். மருந்தென்றால் டாக்டர் எழுதிக் கொடுப்பது, மெடிக்கலில் வாங்குவது. என்ன பொடி என்று கேட்டதும் வெளியே நின்ற வீட்டுக்காரர் போனில் மகனிடம் கேட்டுப் பையில் இருப்பதைப் படிக்கச் சொன்னார். பயோட்டின் என்ற வைட்டமின், இரண்டு சதவீதம்.

4. மடித்து வைத்த காகிதம்

டெஸ்ட்டுக்கான ரசாயனங்கள் வருகிற ஒவ்வொரு கிட் டப்பாவிலும் பொடி எழுத்தில் ஒரு நீளக் காகிதம் மடித்து வைத்திருப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை எழுத்துக்கூட்டிப் படிப்போம். பிறகு தூக்கி ஃபைலில் போட்டுவிடுவோம். அன்று டப்பாவைத் திறந்து மேசை மேல் விரித்துப் படித்தேன். அதில் இருந்தது. அதிக அளவில் பயோட்டின் எடுப்பவர்களிடம், கடைசியாக எடுத்துக் குறிப்பிட்ட மணி நேரம் கழிந்த பிறகே ரத்தம் எடுக்க வேண்டும். அந்தப் பக்கத்தை எத்தனை டப்பாக்களோடு குப்பைக்கு அனுப்பியிருப்பேனோ.

விஷயம் இதுதான். நாம் தேடுகிற பொருளைப் பிடித்து நிறுத்த அந்த கிட்டில் பயோட்டினையே கொக்கியாக வைத்திருக்கிறார்கள். பேஷண்ட் ரத்தத்திலேயே பயோட்டின் நிறைய இருந்தால் அது முந்திக்கொண்டு கொக்கி மாட்டும் இடங்களில் உட்கார்ந்துவிடும். பிடிபட வேண்டியது கழுவும்போது போய்விடும். மெஷின் குறைவாகப் படிக்கும். டி.எஸ்.எச்.சும் அப்படித்தான் குறையும். டி4 டெஸ்ட்டின் கணக்கு தலைகீழ், அதனால் அங்கே கூடுதலாகக் காட்டும். கண்ட்ரோல் சாம்பிளில் பயோட்டின் கிடையாது, அது தினமும் பாஸ் ஆகிக்கொண்டே இருக்கும். நாம் தலைமுடிக்கும் நகத்துக்கும் சாப்பிடுகிற மாத்திரையில் இருப்பதைவிட இந்த அம்மா ஒரு கரண்டியில் பல மடங்கு குடித்துக்கொண்டிருந்தார். இப்போது வரும் கிட்கள் பலவற்றில் இதைச் சரிசெய்துவிட்டார்கள். அன்று எங்களிடம் இருந்தது பழைய வகை.

அந்த சாம்பிளைப் பத்து மடங்கு நீர்க்க வைத்து ஓட்டினேன். உண்மையிலேயே எண்பத்தெட்டு என்றால் எட்டோ ஒன்பதோ வர வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு வந்தது. நீர்க்கும்போது பயோட்டினும் நீர்த்துப்போகிறது, மறைத்துக்கொண்டிருந்தது விலகுகிறது. பத்தால் பெருக்கினால் நான்காயிரத்துக்கு மேல்.   இன்டர்காமில் சொல்லத் தைரியம் வரவில்லை, பிரிண்ட் எடுத்துக்கொண்டு டாக்டர் ரூமுக்கு நேரில் போனேன்.

அவர் பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் திட்டை எதிர்பார்த்து நின்றேன். அவர் திட்டவில்லை. “அன்னிக்கே எனக்குத் தோணுச்சு. நானும் விட்டுட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். அன்றே சேலத்துக்கு அனுப்பினோம். அங்கே வேறு வகை மெஷினில் பார்த்ததில் ஆறாயிரத்தைத் தாண்டியது. எக்கோவில் இருதயம் பம்ப் செய்யும் திறன் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. நெடுநாள் கவனிக்காமல் விட்ட பி.பி.தான் காரணம் என்றார்கள். தைராய்டில் ஒரு குறையும் இல்லை. அந்த அம்மா ஐ.சி.யூ.வில் ஆறு நாள் இருந்தார். பிழைத்து வந்தார். பொடியை அதோடு நிறுத்திவிட்டார்.

5. எல்லோரிடமும் சொன்ன கதை

இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டால் இது நல்ல கதை. குதிகாலைப் பார்த்துக் கண்டுபிடித்தவள் என்ற பெயர் கிடைக்கும். நான் அப்படித்தான் பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சுற்றுவட்டார லேப் டெக்னீஷியன்கள் சேர்ந்து எப்போதாவது ஒரு கூட்டம் போடுவோம். அதில் பேசச் சொன்னபோது இதைத்தான் பேசினேன். கோழிக்குப் போடும் பொடியை மோரில் கலக்கிக் குடித்த அம்மா என்றதும் ஹாலே சிரித்தது. சிரிக்க வைத்தது எனக்கும் பிடித்திருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியிலும் கதை பரவியது. நர்ஸ்கள் ரூமில், கவுண்டரில், மெடிக்கலில், எல்லா இடத்திலும் அந்த அம்மாவுக்குக் ‘கோழிப்பொடி அம்மா’ என்று பெயராகிவிட்டது. என் கதையில் இன்டர்காம் கிடையாது. ரிப்பீட் போட்டு டாக்டருக்குப் பதில் கொடுத்தது கிடையாது. ‘இருதயம் நல்லா இருக்கு’ என்று கவுண்டரில் சொன்னது கிடையாது. இரண்டு வருகைக்கும் நடுவில் பன்னிரண்டு நாள் இருந்தது என்பதையே நான் யாரிடமும் சொன்னதில்லை.

பழனியம்மாள் அக்காவுக்கு மாதம் ஒரு முறை பி.என்.பி. பார்க்க வேண்டும் என்று சேலத்தில் எழுதியிருந்தார்கள். இருதயம் பலவீனமானவர்களுக்கு மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்ய அந்த எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது ஒரு துணை. முதல் மாதம் வந்தார், மூவாயிரத்துச் சொச்சம். அடுத்த மாதம் வந்தார், இரண்டாயிரத்து நூறு. மருந்து பிடித்துக்கொண்டது என்று டாக்டருக்குச் சந்தோஷம். மூன்றாவது மாதம் வரவில்லை. நான்காவது மாதமும் வரவில்லை. போன் செய்தால் வீட்டுக்காரர் எடுத்து, “சொன்னா கேக்க மாட்டீங்கறாங்க” என்று வைத்துவிட்டார். தண்ணி மாத்திரையை ஒரு நாள் போட்டால் இரண்டு நாள் விடுகிறார் என்று மட்டும் தெரிந்தது. நீரை வெளியேற்றும் அந்த மாத்திரை நின்றால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். அந்தக் கால்களை நான் அழுத்திப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போய் ரத்தம் எடுத்து வருவது எங்கள் ஆஸ்பத்திரியில் உண்டு. அதற்கு வேறு ஆள் இருக்கிறார். நானே போகிறேன் என்று டாக்டரிடம் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

6. பண்ணையில்

பண்ணை கேட்டில் மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள், வெளி நோய் கோழிக்கு வந்துவிடக் கூடாது. பழனியம்மாள் அக்கா வீட்டு முன்னறையில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால் மறுபடி வீங்கத் தொடங்கியிருந்தது. பக்கத்து மேசையில் ஒரு எலெக்ட்ரானிக் தராசும் தீவனக் கணக்கு நோட்டும் இருந்தன. ஒரு டன் தீவனத்துக்கு எந்தச் சாமான் எத்தனை கிராம் என்று அவர்தான் நிறுத்துக் கொடுப்பார், வேறு யாரையும் நம்ப மாட்டார் என்று மருமகள் சொன்னார். கோழிக்குக் கிராம் கணக்கு, தனக்கு மட்டும் ஒரு கரண்டி என்று சொல்ல நாக்கு வரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

ஏன் வரவில்லை என்று கேட்டேன்.  மெதுவாகச் சொன்னார்.

“எதுக்குங்க வாரது? கையால எடுத்து நானே குடிச்சு நெஞ்சைக் கெடுத்துக்கிட்டேன். கெட்டுப் போனதை மாசா மாசம் அளந்து என்ன ஆகப் போகுது? போன தடவை கவுண்டர்ல ஒரு பொண்ணு கோழிப்பொடி அம்மா வந்திருக்குதுன்னு சொல்லுச்சு. ஒறம்பரை வந்தாலும் இவிய இதைத்தான் சொல்லிச் சிரிக்கறாங்க. எனக்குக் கூசுதுங்க அம்மிணி.”

உறவுக்காரர்கள் முன்னால் வீட்டுக்காரரே சொல்லிச் சிரித்திருக்கிறார். இத்தனை மாதத்தில் அந்தப் பொடி இருதயத்தை ஒன்றுமே செய்யவில்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. டாக்டர்களுக்கு அது சொல்லத் தேவையில்லாத விஷயம். வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் ஊர் முழுக்கக் கதை சொன்னேன், இவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“அக்கா, அந்தப் பொடி உங்க நெஞ்சைக் கெடுக்கலை. நெஞ்சு பி.பி.யால கெட்டது, பொடிக்கு முன்னாலயே கெட்டது. பொடி என்னோட மெஷினைத்தான் ஏமாத்துச்சு. டாக்டர் முதல் நாளே இது தப்பா இருக்கும்னு கேட்டாரு. நான்தான் மெஷின் சரியா இருக்குன்னு அவர் வாயை அடைச்சேன். உங்க ஊட்டுக்காரர்கிட்ட இருதயம் நல்லா இருக்குன்னு சொன்னதும் நான்தான்.”

இதைச் சொல்லி முடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“இதை அவிய முன்னால சொல்லுவீங்களா?”

தீவனம் கலக்கும் மிக்சரை நிறுத்திவிட்டு வீட்டுக்காரரும் மகனும் தலையெல்லாம் மாவாக வந்து நின்றார்கள். சொன்னதை மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இரண்டாம் தடவை சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். செங்கோட்டையன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அன்று எனக்குக் கையெடுத்துக் கும்பிட்ட அதே கை.

“பன்னெண்டு நாளுங்க,” என்றார். “ராத்திரியானா செவுத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டேதான் கண்ணை மூடுவா. டாக்டருகிட்ட போலாம்னா, அந்தம்மா நல்லா இருக்குன்னு சொல்லிருச்சே, சும்மா கெடங்கன்னு எம்மேலயே எரிஞ்சு உழுவா.”

 மன்னிச்சிருங்க என்று சொன்னேன். அது பதிலாகாது என்று எனக்கே தெரிந்தது. அவர் மனைவி பக்கம் திரும்பிக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டார். பழனியம்மாள் அக்கா சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையை என் பக்கம் நீட்டி, “எடுங்க அம்மிணி” என்றார்.

ரத்தம் எடுப்பதற்கு முன் கேட்டேன். இந்த முறை மருந்து என்ற வார்த்தையையே பயன்படுத்தவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் வாய்க்குள் என்னென்ன போகிறது, யாருக்காக வாங்கினதாக இருந்தாலும் சொல்லுங்கள் என்றேன். மூவரும் மாறி மாறிச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். இன்று எங்கள் லேப் ஃபாரத்தில் இந்தக் கேள்விதான் இருக்கிறது.

புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இரண்டே விஷயம் இருக்கிறது. ஒன்று, அதே சாம்பிளை அதே மெஷினில் மறுபடி ஓட்டுவது சோதனை ஆகாது. ஆளைப் பார்த்த டாக்டர் எண்ணை நம்பவில்லை என்றால் உங்கள் கௌரவத்தைக் கழற்றி வைத்துவிட்டு அவர் பக்கம் நின்று யோசியுங்கள், வேறு முறையில் பாருங்கள், முடிந்தால் பேஷண்ட்டையே போய்ப் பாருங்கள். இரண்டு, நடந்த தப்பை மற்றவர்களுக்குச் சொல்லும்போது உங்கள் பங்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் விட்டுவிடுகிற பகுதியை வேறு யாரோ தன் தலையில் சுமந்துகொண்டிருப்பார்கள். அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து இதை முழுசாகச் சொன்னேன். ஹாலில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அன்று எடுத்த ரத்தத்தில் இரண்டாயிரத்து எண்ணூறு வந்தது. தண்ணி மாத்திரை விட்டதில் ஏறியிருந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போட்ட பிறகு ஆயிரத்து முந்நூறுக்கு இறங்கியது, போன தடவை தொள்ளாயிரம். அக்கா இப்போது மாதம் தவறாமல் வருகிறார், குதிகால் மறுபடி வெடித்துவிட்டது என்று என்னிடம் மட்டும் குறைப்படுவார். கவுண்டரில் அவரைப் பழனியம்மாள் என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.